ராஜாவின் பின்னால் நிற்கும் அக்காவுக்கு

என் சுகி அக்கா,

உன் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது. நீ இருக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாயா? இல்லை, அங்கேயும் யாராவது உத்தரவு கொடுத்தால்தான் திரும்புவாயா?

போர்வைக்குள் அப்பாவின் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் ஏறி ஹெப்பாள் பேக்டரிக்குப் போய்விட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியாது. நீ போன பிறகு அம்மா தூங்குவதும் தூங்காததும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நம் கன்னடப் பள்ளியில் யாருக்கும் இதைப் படிக்க வராது. உனக்கும் எனக்கும் இது ரகசிய எழுத்துதானே? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மற்றப் பிள்ளைகள் சுண்டலுக்காக வந்தார்கள். நீ பழைய ராஜாக்களின் பாட்டுகளைக் கேட்க வந்தாய். நான் உனக்காக வந்தேன். சரி, சுண்டலுக்காகவும்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. சீட்டை இறக்கவில்லை, நான்தான் உயர்ந்துவிட்டேன். மாடியில் நீ வைத்த செம்பருத்தி பூக்கிறது. அம்மா அதில் ஒரு பூவையும் பறிப்பதில்லை, செடியிலேயே வாடி விழுகின்றன. நான் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். நீ இருந்த அதே ஜன்னலோர பெஞ்சு.

அடுத்த செய்தியை எழுதத்தான் பயமாக இருக்கிறது. ஆண்டு விழாவில் அந்த நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். நீ போட்ட மெய்க்காவலன் வேஷம் எனக்கு. ராஜா, அன்றைக்கு உன் ராஜாவாக நடித்த சஹனாவேதான். விழா நாளைக்கு. விடிந்ததும் அவள் எனக்குச் சோறு ஊட்டுவாள்.

உனக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஆனால் இந்தக் கடிதம் என்றைக்காவது வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். கோபப்படாதே.

நாடகத்தின் கதை சின்னது. ஒரு ராஜா, அவனுக்கு ஒரு மெய்க்காவலன். வேலையில் சேரும் நாளில் ராஜா தன் தட்டிலிருந்து ஒரு கவளம் சிவப்பரிசிச் சோற்றை எடுத்து அவன் வாயில் ஊட்டுகிறான். அதைத் தின்றவன் அன்றிலிருந்து ராஜாவின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். "உன் கடன் தீர்ந்தது, உட்கார்" என்று ராஜா தன் வாயால் சொல்லும்வரை அவன் உட்காரக் கூடாது. கடைசிப் போரில் ராஜா அந்த வார்த்தையைச் சொல்லாமலே செத்துப்போகிறான். காவலன் அவன் உடலுக்குப் பின்னால் ஈட்டியைப் பிடித்தபடி நின்று, நின்றபடியே உயிரை விடுகிறான். திரை விழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

மேடையில் சொல்லாத அந்த வார்த்தையைத் திரைக்குப் பின்னால் சொல்லியாக வேண்டும் என்பது நம் பள்ளி வழக்கம். டீச்சர்கள் வைத்ததல்ல, பிள்ளைகள் வைத்தது. ராஜா வேஷம் போட்டவள் கிரீடத்தைக் கழற்றுவதற்கு முன்னால் காவலன் வேஷக்காரியின் தோளைத் தொட்டு அதைச் சொல்லுவாள். அவள் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அதற்கப்புறம்தான் மேக்கப்பைக் கலைக்கலாம். ஒத்திகையில் எல்லாம் வெறுங்கைதான். விழா நாளன்று காலையில் மட்டும் நிஜச் சோறு.

நீ நடித்த வருஷம் டிசம்பரில் மழை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? திரை விழுந்ததும் கரண்ட் போனது. பந்தலில் தேங்கிய தண்ணீர் மேடைமேல் அப்படியே இறங்கியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சஹனாவும் கிரீடத்தோடு ஓடி அவள் அப்பாவின் காரில் ஏறிவிட்டாள். நான் உன்னைத் தேடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தபோது நீ ஒருத்தி மட்டும் இருட்டில் ஈட்டியோடு நின்றுகொண்டிருந்தாய்.

"வாக்கா, போலாம்."

"கேப்டன் இன்னும் சொல்லலையே."

சஹனாவை அப்போதே நீ கேப்டன் என்றுதான் கூப்பிடுவாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதனால் நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரி நீ நின்றுகொண்டே சாப்பிட்டாய். அம்மா தட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "ஏங்கண்ணு, உக்காந்து திங்கமாட்டியா? குதிரையா நீ?" "ராஜா உத்தரவு இல்லம்மா." எல்லோரும் சிரித்தோம். மறுநாளும் சிரித்தோம். அப்புறம் வகுப்பில் உட்கார்ந்தாய், வீட்டில் உட்கார்ந்தாய். எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் சஹனா எங்கே இருந்தாளோ அங்கே மட்டும் நீ உட்காரவில்லை. அவள் காண்டீனில் தோசை தின்னும்போது பின்னால் நிற்பாய். அசெம்பிளியில் நிற்பாய். உன் வகுப்புப் பெண்கள் "ராஜா வந்துட்டார், பின்னாடியே வால் வருது பாரு" என்று கேலி செய்தார்கள். சஹனாவுக்கு அது பிடித்திருந்தது. அவள் புத்தகப் பையைச் சுமக்க ஆள் கிடைத்துவிட்டதே.

கோடை லீவில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வீரக்கல்லைப் பார்த்தோம். யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்று கட்டங்கள் செதுக்கியிருந்தன. கீழே ஒரு வீரன் சண்டை போடுகிறான். நடுவில் இரண்டு தேவகன்னிகள் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மேலே அவன் சாமிக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறான். முகம் தேய்ந்து வெறும் வழவழப்பாக இருந்தது. நீ அந்த வழவழப்பில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய்.

"பாத்தியா பிசாசு, கடைசியா மேல போயித்தான் உக்காருறான்."

"அவன் வீட்டு ஆளுங்க எந்தக் கட்டத்துல இருக்காங்க?"

"அவங்களுக்குக் கல்லுல இடமில்ல."

இதைச் சொல்லிவிட்டு என் தலையில் குட்டிவிட்டு ஓடினாய். பிசாசு என்று நீ என்னைக் கூப்பிடும் அந்தப் பெயரை இப்போது யாராவது தெருவில் சொன்னால் முதுகு சிலிர்க்கிறது.

ஆகஸ்டில் நடந்ததை எழுதவேண்டாம் என்று பார்த்தேன். ஆனால் எழுதாமல் மற்றது விளங்காது. சுதந்திர தின அணிவகுப்புக்குப் பயிற்சி. சஹனா அப்போது பத்தாம் வகுப்பு, நிஜமாகவே பள்ளிக்குக் கேப்டன் ஆகியிருந்தாள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் லைனை விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீச்சரோடு பேசப் போனவள் நம்மை மறந்தே போனாள். தூறல் ஆரம்பித்தது. ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். நானும் நழுவினேன். நீ நின்றாய். வீட்டுக்கு வந்தபோது உன் நெற்றி அடுப்புமாதிரி இருந்தது. உனக்குக் காலையிலிருந்தே காய்ச்சலாம். அதையும் நீ யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் அப்பாவிடம் தெளிவாகச் சொன்னார், கொசுவால் வந்த காய்ச்சல், ஊர் முழுக்க இருக்கிறது, மழையில் நின்றதால் வந்ததல்ல என்று. நான் அதை நம்புகிறேன். பகலில் நம்புகிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நீ கட்டிலைவிட்டு இறங்கி நிற்கப் பார்த்தாயே, அதை எந்த டாக்டரிடம் கேட்பது? நர்ஸம்மா உன்னைப் படுக்கவைத்தார்கள். நீ மறுபடி எழுந்தாய். "கேப்டன் வரலையா?" என்று கேட்டாய். எங்களிடம் நீ கேட்ட கடைசிக் கேள்வி அது. அம்மாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கவில்லை.

கோபமாக எழுதிவிட்டேனா? டார்ச் மங்குகிறது. தட்டினால் மறுபடி எரிகிறது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். போன வருஷம், நீ போன துக்கத்தில், நாடகம் போடவில்லை. இந்த வருஷம் சஹனா, பிளஸ் ஒன் படிக்கிற பி.யூ. காலேஜிலிருந்து அவளாகவே வந்து டீச்சரைக் கேட்டாளாம். அவளைப்போலக் கன்னட வசனம் பேச யாரும் இல்லை என்று டீச்சரும் சரி என்றுவிட்டார். காவலன் வேஷத்துக்கு என்னைத்தான் போடவேண்டும் என்று கேட்டதும் அவள்தான்.

நான் வேண்டாம் என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நம்ம சுகியப் பாத்தாப்புலயே இருக்கும், அம்மிணி. ஒரே ஒருக்கா பாத்துக்கறேன். எனக்காகப் போட்டுக்க." அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "பெரியவங்க ஒரு பொறுப்பு குடுத்தா மாட்டேங்கக் கூடாது கண்ணு. என்ற சூப்பர்வைசர் நில்லுன்னா நானும்தான் ராத்திரி பூரா மிசின்கிட்ட நிக்கறேன்."

"அவர் உக்காருன்னு சொல்லாமயே வீட்டுக்குப் போயிட்டார்னா என்னப்பா பண்ணுவீங்க?"

அப்பா என்னை ஒருமாதிரி பார்த்தார். "அவர் எதுக்குச் சொல்லோணும்? சைரன் அடிச்சா ஷிப்ட்டு முடிஞ்சுது. நான் பாட்டுக்கு வந்து பஸ்ஸுல உக்காந்துக்குவேன்."

நீ இருந்திருந்தால் இதற்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பாய்.

ஒத்திகை தொடங்கின நாளிலிருந்து சஹனாவைக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் உயர்த்திக் கட்டிய பின்னல்தானே? இப்போது கூந்தலைக் கழுத்து மூடும்படி விரித்துவிடுகிறாள், வேர்த்தாலும் கட்டுவதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சுவரில் ஒட்டி உட்காருகிறாள். சுவர் இல்லாத இடத்தில் தூணைத் தேடுகிறாள். சிம்மாசனத்துக்காகப் போட்ட மர நாற்காலியையும் பின்சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாள். "அப்ப காவலன் எங்கே நிற்கிறது, சுவருக்குள்ளேயா?" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சஹனா சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள், நல்ல மத்தியானம், ஹாலில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. சஹனா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து வசனம் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, திரும்பாமலே கன்னடத்தில் சொன்னாள்.

"பவித்ரா, இவ்வளவு ஒட்டி நிக்காதே கணே. மூச்சு கழுத்துல படுது."

நான் கீழே, ஹாலின் கடைசியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி, "ராஜாவே, பவி இங்க இருக்கா. அது ஃபேன் காத்து" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலே பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை.

வீட்டிலும் இருக்கிறது, அக்கா. உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, பயப்படுவது நான்தான். அம்மா ஹாலைத் துடைத்தால் எல்லா இடமும் காய்ந்த பிறகும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு இடம் மட்டும் ஈரமாகவே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில், பாத அளவுக்கு. "ஏங்கண்ணு, அங்க மிதிச்சியா?" என்று அம்மா முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். அங்கே செருப்பு விட்டால் எடுத்து ஓரமாக வைக்கிறாள்.

இன்னொன்று. கால் வலித்தால் நீ இடது குதிகாலால் தரையை மெல்லத் தட்டுவாயே, ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு. அந்தச் சத்தம் கதவுப் பக்கத்தில் கேட்கிறது. இப்போது, இதை எழுதும்போதும் கேட்கிறது. சஹனா வீட்டிலும் கேட்குமா? ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியுமா? அங்கே கடமைக்காகவும் இங்கே எங்களுக்காகவும் நிற்கிறாயா?

நேற்று மத்தியானம் கேட்டேவிட்டேன். மேடைக்குப் பின்னால் இருக்கிற குழாயில் சஹனா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது கன்னடத்தில். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்க அன்னைக்கு எங்க அக்காகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லலை."

அவள் குழாயை மூடவில்லை. "மழை கணே. எல்லாரும்தான் ஓடினோம்."

"இப்ப சொல்லலாமே?"

"யாருகிட்ட?"

அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன், அவ்வளவுதான். சஹனாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பாக்காதே! அங்க பாக்காதே. நான் வாயைத் திறந்து சொல்லிட்டேன்னா, அவ அங்க இருக்கான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் நான் எப்படித் தூங்குறது?"

"அப்ப எங்க அக்கா நின்னுக்கிட்டே இருக்கட்டுமா?"

"அதுக்குத்தானே உன்னை இந்த வேஷத்துக்குக் கேட்டு வாங்கினேன்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "ஒரு ராஜாவுக்குப் பின்னாடி ஒரு காவலன்தான். புதுசா ஒருத்தி சோறு வாங்கிட்டா பழையவ போயிடுவா. உங்க அக்காவுக்கு நல்லதுதானே? வாயைத் திறந்து வாங்கிக்கோ. நீ எதுவும் யோசிக்காதே. சுகன்யா நான் சொன்னதை ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்லை, தெரியுமா?"

தெரியும். அதுதானே எங்கள் வீட்டுத் துக்கம்.

அக்கா, எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளும் பயந்துபோன பெண்தான். ஆனால் அவள் பயத்துக்குக் காவல் நிற்க நாளைக்கு நான் வேண்டுமாம். வாயைத் திறந்தால் நீ போய்விடலாம், நான் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் நீ நின்றுகொண்டே இருப்பாய். நேற்றிலிருந்து இதே நினைப்பு. சோற்றைத் தின்றுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. உனக்காகத்தானே? அப்படி நினைத்துக்கொண்டே காலையில் தண்ணீர் குடிக்கப் போனேன். பாதி வழியில் பார்த்தால் நான் நின்றுவிட்டிருக்கிறேன், என் குதிகால் தட்டுகிறது. ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு. நான் தட்டவில்லை அக்கா. அதுவாகத் தட்டியது.

அதிலிருந்து நம் தமிழ் வகுப்பை நினைத்துப் பார்க்கிறேன். செஞ்சோற்றுக் கடன் என்று அங்கே சொன்னபோது உன் கண் பளபளத்தது. தலைவனுக்காக உயிர் கொடுத்தவர்கள் எத்தனை பேரைப் பழைய பாட்டுகளில் கேட்டோம்! ராஜாவோடு வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து செத்தவர்களும் உண்டு. அவர்களாவது உட்கார்ந்தார்கள்.

உனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தம்பிதான், இல்லையா? பத்துத் தலை அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் அவனுக்காகவே போருக்குப் போனவன். நீ அவனைப் பற்றிப் பேசினால் சோறு ஆறிவிடும். ஆனால் ஒன்றை நீ விட்டுவிட்டாய். போவதற்கு முன்னால் அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்து, நீ செய்தது தப்பு, திருத்திக்கொள் என்று சொன்னான். நிறையச் சொன்னான். சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அப்புறம்தான் போனான். நீ அவன் போனதை மட்டும் எடுத்துக்கொண்டாய், அவன் பேசியதை எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலாக இருக்கிறது, நிற்க முடியவில்லை என்ற ஒரே ஒரு வாக்கியத்தைக்கூட உன் ராஜாவிடம் நீ சொல்லவில்லை.

பசியோடு பரிசு கேட்டு வந்த புலவர்கள்கூட ராஜாவைப் பார்த்து இது சரியில்லை என்று பாடியிருக்கிறார்களாமே? தலையைக் கொடுத்தவனைப் பற்றிய பாட்டுகளோடு அந்தப் பாட்டுகளையும் சேர்த்துத்தானே இத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? கேள்வி கேட்டவனைத் துரோகி என்று நினைத்திருந்தால் எதற்காக வைத்திருக்க வேண்டும்? இதை வகுப்பில் கேட்க நினைத்தேன். சுண்டல் வந்துவிட்டது.

பாட்டிலும் கல்லிலும் இல்லாதது ஒன்றுதான். அந்தக் காவலனுக்கு ஒரு தங்கை இருந்திருப்பாள். அவன் செத்த செய்தி வந்தபோது எல்லோரும் அவளிடம், பெருமைப்படு என்று சொல்லியிருப்பார்கள். அவள் என்ன சொன்னாள்? யாராவது கேட்டார்களா? நான் கேட்டதாக வைத்துக்கொள். அவள் சொன்னது இதுதான்: போதும், வீட்டுக்கு வா.

அதனால் நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று உனக்கு மட்டும் முதலில் சொல்கிறேன். சஹனா சோற்றை எடுத்துக்கொண்டு வருவாள். டீச்சர் இருப்பார், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நான் வாயை மூடிக்கொள்வேன். "முதல்ல எங்க அக்காகிட்ட சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்பேன். அவள் சொன்னால், அந்தச் சோற்றை என் கையில் வாங்கி நானே சாப்பிடுவேன், மேடையேறி நன்றாகவே நடிப்பேன், அம்மா பார்க்கட்டும். சொல்லாவிட்டால் வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு உன் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவேன். டீச்சர் திட்டுவார். அம்மா அழுவாள். அழட்டும். இருக்கிற மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்று ஒரு நாள் புரிந்துகொள்வாள்.

ஆனால் சஹனா சொல்லுவாளா என்று நீ காத்திருக்க வேண்டாம். அதை நினைத்துத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்பா சொன்னது சரி. யாரும் சொல்லவேண்டியதில்லை. உன் சைரன் எப்போதோ அடித்துவிட்டது அக்கா. மழையிலும் கூச்சலிலும் உனக்குக் கேட்காமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரு. கொஞ்சம் எழுந்து வருகிறேன்.

வந்துவிட்டேன். டார்ச் இன்னும் மங்கிவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ படிக்கும்போது போட்டுக்கொள்ளும் நீல பிளாஸ்டிக் நாற்காலியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டுவந்தேன். தூசியைப் பாவாடை நுனியால் துடைத்தேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஈரம் காயாத அந்த இடத்தில் போட்டேன். குதிகால் சத்தம் என் காலுக்கு அருகிலேயே கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

"உன் கடன் தீர்ந்தது, உக்காருக்கா" என்றேன். "ராஜா சொல்லல. நான் சொல்றேன். நான் சொல்றத நீ என்னைக்குமே கேட்டதில்ல. இந்த ஒருக்கா கேளு."

சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

ரெண்டு தட்டு. ஒரு இடைவெளி. அப்புறம் ரெண்டு தட்டு வரவில்லை. நாற்காலிக் கால் தரையில் லேசாக இழுபட்டது. ஆள் உட்காரும்போது பிளாஸ்டிக் ஒரு முனகு முனகுமே, அந்தச் சத்தம்.

அதற்கப்புறம் அம்மாவின் குரல். சுவர்ப்பக்கம் திரும்பினபடியே கேட்டாள்.

"உக்காந்துட்டாளா, அம்மிணி?"

இத்தனை நாளும் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது.

"உக்காந்துட்டாம்மா."

"கால் வலிச்சிருக்கும்" என்றாள் அம்மா. இப்போது குறட்டை கேட்கிறது. நிஜக் குறட்டை, நீ கேலி பண்ணுவாயே, பழைய கம்பெனி பஸ் மேடேறும் சத்தம் என்று, அதேதான்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கதவுப் பக்கம் பார்க்கமாட்டேன். விடிந்ததும் சொம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவும் மாட்டேன். அதெல்லாம் உன் விஷயம்.

இதை யாரும் படிக்கக் கூடாது என்றுதான் தொடங்கினேன். இப்போது மனசு மாறிவிட்டது. காலையில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் அவரைப் படிக்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புச் சுவரில் ஒட்டுவேன். சுண்டலுக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டியாவது படிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். நான் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் வாய் மூடி நிற்கமாட்டேன். நிற்கவேண்டி வந்தால், எதற்கு, எதுவரைக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். அந்த நீல நாற்காலி நம் வீட்டுக் கதவுப் பக்கத்திலேயே இருக்கும். வேறு யாரையும் அதில் உட்காரவிட மாட்டேன்.

நீ பிசாசு என்று கூப்பிட்ட, பிசாசுக்குப் பயப்படுகிற,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பவி